சம்பந்தியம்மா கொடுத்த இலை

பெயின்டரம்மா தன் வாழ்நாளில் ஒரு சுவருக்கும் பிரஷ் வைத்தவள் அல்ல. திரைச்சீலை தைக்கும் கடையில் மெஷின் மிதிப்பவள். ஆனால் புருஷன் பெயின்டர் என்பதால் தெருவுக்கெல்லாம் அவள் பெயின்டரம்மாதான். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. நிறத்தில் அவள் புருஷனை ஏமாற்ற ஒருத்தன் பிறந்து வரவேண்டும். கடையில் கம்ப்யூட்டர் கலந்து கொடுத்த டப்பாவைக்கூட மூடியைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு சொட்டு கறுப்பு கூடிப்போச்சு தம்பி" என்பார். கூடித்தான் போயிருக்கும்.

அப்பேர்ப்பட்ட மனுஷர் ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில், வெள்ளை அடிக்க வேண்டிய சுவரை நீலமாக அடித்துவிட்டு வந்து நின்றார்.

அந்தக் கிளினிக்குக்குத் திரை தைத்ததும் அவள் கடைதான். அதனால் விஷயம் அவள் காதுக்குத்தான் முதலில் வந்தது. சாப்பாட்டு நேரத்தில் ஓடிப்போய்ப் பார்த்தாள். சொட்டு நீலம் கூடிப்போன வேட்டி மாதிரி இருந்தது வரவேற்பறை முழுவதும். வரவேற்பில் இருந்த பெண், "நாங்க வெள்ளைன்னுதானே சொன்னோம் ஆன்ட்டி?" என்று அழாக்குறையாகக் கேட்டாள். பல் டாக்டர் வாயே திறக்கவில்லை. அதுதான் இன்னும் சங்கடமாக இருந்தது.

அன்று சாயங்காலம் பெயின்ட் கடைக்காரரே புது டப்பா ஒன்றைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். பல வருஷப் பழக்கம். ஹாலில் வைத்து மூடியை நெம்பினார்.

"நீங்களே பாருங்கண்ணே. இது வெள்ளையா இல்லையா?"

பெயின்டர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார்.

"மஞ்ச."

"அண்ணே..."

"வெள்ளைன்னு சொல்லி மஞ்சளக் குடுத்திருக்கான் உங்க கம்பெனிக்காரன். அதனாலதான் நான் நீலம் விட்டுச் சரி பண்ணேன். சரி பண்ணதுக்குத் திட்டு எனக்கா?"

கடைக்காரர் அவளைப் பார்த்தார். அவள் டப்பாவைப் பார்த்தாள். பால் மாதிரி இருந்தது.

"வெள்ளையாத்தாங்க இருக்கு" என்றாள் மெல்ல.

"ஆமா, எல்லாரும் சேந்து என்னைக் கிறுக்கனாக்குங்க!" என்று எழுந்து உள்ளே போனவர், போன வேகத்தில் வெளியே வந்தார், திரும்ப உள்ளே போனார். ஒரு இடத்தில் உட்கார மாட்டேன் என்றது அவர் உடம்பு. சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்தால், "குமட்டுது, எடு" என்று தள்ளினார். அதற்கு இரண்டு நாள் முன்பே அவள் ஒன்றைக் கவனித்திருந்தாள். முக்காலி போட்டு ஏறி, துணியால் குழல்விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். கேட்டதற்கு, "விளக்கச் சுத்தி வளையம் வளையமாத் தெரியுது, தூசி" என்றார். விளக்கில் ஒரு தூசியும் இல்லை. அப்போது அவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். இப்போது அவளே முக்காலியில் ஏறி விளக்கை விரலால் தடவிப் பார்த்தாள்.

முதலில் கண் டாக்டரிடம் போகலாம் என்றாள். "என் கண்ணுக்கா?" என்று கேட்டார். அந்தத் தொனிக்குப் பிறகு அதைப் பற்றிப் பேசுவதில் பிரயோஜனம் இல்லை.

மறுநாள் ஞாயிறு. காலையில் வழக்கம்போல அவருக்கான கஷாயத்தைக் கொதிக்க வைத்தாள். பெயின்டருக்கு முட்டிவலி, ஏணியில் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, முட்டி இரண்டும் தேய்ந்துபோயிருந்தன. அதற்குச் சம்பந்தியம்மா, அதாவது மகளின் மாமியார், தன் தோட்டத்து இலையைக் காயவைத்துப் பொட்டலம் கட்டிக் கொடுப்பார். பல மாதமாகக் குடிக்கிறார். முட்டிக்குச் சுகமாகத்தான் இருக்கிறது என்று அவரும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்று டம்ளரை வாங்கிப் பாதி குடித்தவர், அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு சரிந்து உட்கார்ந்தார். குடித்ததெல்லாம் வெளியே வந்தது. நெற்றியில் கை வைத்தாள், ஜில்லென்று வேர்த்திருந்தது. உதடு வெளுத்துப்போயிருந்தது. "என்னங்க... என்னங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டுப் பூட்டுக்காரர், சாவி செய்து பிழைக்கிறவர், ஷேவ் பண்ணின பாதி முகத்தோடு ஓடி வந்தார். அவர் காரில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

நர்ஸ் நாடியைப் பார்த்தாள். இன்னொரு கையில் பார்த்தாள். மெஷின் கெட்டுப்போய்விட்டதோ என்று வேறு மெஷின் கொண்டு வந்தாள். பிறகு விடுவிடுவென்று போய் டாக்டரை அழைத்து வந்தாள். டாக்டர் சின்ன வயதுப் பெண். மார்பில் ஒயர்களை ஒட்டி எடுத்த தாளை நீளமாகப் பிடித்து, நின்றபடியே பார்த்தாள்.

"சார், ஏற்கெனவே இதயத்துக்கு ஏதாவது மாத்திரை எடுக்குறீங்களா?"

"தலைவலிக்குக்கூட மாத்திரை போட்டதில்லம்மா" என்றார் பெயின்டர், கண்ணை மூடிக்கொண்டே.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இது அந்த மாதிரி மருந்து அதிகமாப் போனா வர்ற மாதிரி இருக்கு. வேற ஏதாவது? கஷாயம், லேகியம், பொடி, டானிக்?"

"ஒண்ணுமில்ல."

சொல்லிவிட்டுக் கண்ணைத் திறந்து பெண்டாட்டியைப் பார்த்தார். முப்பது வருஷம் கூடவே வாழ்ந்தவளுக்கு அந்தப் பார்வைக்கு அர்த்தம் தெரியாதா? வாயை மூடு என்பதுதான்.

அவள் வாயை மூடிக்கொண்டாள். தண்ணீர் குடிக்கப் போவதுபோல வராந்தாவுக்கு வந்தாள். தண்ணீர் மெஷினுக்கு முன்னால் நின்று, டம்ளர் நிரம்பி வழிந்து கையெல்லாம் நனைந்த பிறகுதான் குழாயை விட்டாள்.

மகளின் கல்யாணம் அவளாகத் தேடிக்கொண்டது. மாப்பிள்ளை தங்கமான பையன். ஆனால் அவன் அம்மா ஓய்வுபெற்ற விளையாட்டு டீச்சர். விசில் இல்லாமலேயே விசில் அடிக்கிற குரல். கல்யாணத்தன்று இவர்கள் பக்கம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பெயின்ட் அடிக்கிறவர் வீட்டில் சம்பந்தமா என்று யாரிடமோ சொன்னது காதுக்கு வந்து, பெயின்டர் பல நாள் குமைந்தார். ஒரு வருஷம் அப்படிப் போயிற்று. பிறகு ஒருநாள் அந்த அம்மா தானாக வந்து, "முட்டி வலின்னு மருமக சொன்னா. இதக் குடிங்க சம்பந்தி, நானும் குடிக்கிறேன்" என்று தன் கையால் கொடுத்தது அந்த இலைப் பொட்டலம். அன்றிலிருந்துதான் வருவதும் போவதும். இப்போது போய், உங்கள் இலைதான் எங்கள் வீட்டுக்காரரைப் படுக்கப்போட்டது என்று சொன்னால்? இலையாக இல்லாமல் வேறு ஏதாவதாக இருந்தால்? சொன்ன சொல்லைத் திரும்ப வாங்க முடியுமா? அந்த வீட்டில் நாளைக்கும் வாழவேண்டியவள் மகள்தானே.

வராந்தாவில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தாள். உட்கார்ந்தாள். எழுந்தாள். அப்போது உள்ளேயிருந்து ஒயர் மெஷின் விட்டுவிட்டுக் கத்துவது கேட்டது. ஒரு சத்தத்துக்கும் அடுத்த சத்தத்துக்கும் நடுவில் அவளால் மூச்சு விட முடியவில்லை. நேராகப் போய் டாக்டரின் கோட்டைப் பிடித்து இழுக்காத குறையாக நிறுத்தினாள்.

"டாக்டர், அவரு பொய் சொல்றாரு. ஒரு இலை குடிக்கிறாரு. நான்தான் கொதிக்க வெச்சுக் குடுக்கிறேன்."

"என்ன இலை?"

"பேரு காம்ஃப்ரின்னு சொன்னாங்க. மூட்டுக்கு நல்லதாம். ரொம்ப மாசமாக் குடிக்கிறாரு, ஒண்ணும் ஆகல. போன வாரம்தான் புதுப் பொட்டலம் பிரிச்சேன்." சொல்லும்போதே அவளுக்கு நினைவு வந்தது. துணியைத் தடவித் தடவிப் பழகின விரல். பழைய இலை சாக்கு மாதிரி சொரசொரவென்று இருக்கும். புதுப் பொட்டலத்தில் கையை விட்டபோது ஃபிளானல் துணி மாதிரி மெத்தென்று இருந்தது. இந்தத் தடவை நல்ல இளசான இலை என்று சந்தோஷப்பட்டாளே! "டாக்டர், இது வேற மாதிரி இருந்துச்சு."

"அவருக்குப் பார்வையில ஏதாவது..."

"எல்லாம் மஞ்சளாத் தெரியுதாம். விளக்கச் சுத்தி வளையமாம்."

டாக்டர் கையிலிருந்த பேனாவைப் பையில் செருகினாள். "அந்தப் பொட்டலம் எனக்கு உடனே வேணும். அதே இலைய வேற யார் யார் குடிக்கிறாங்க?"

அதுவரை அந்தக் கேள்வி பெயின்டரம்மாவுக்குத் தோன்றவே இல்லை. மகளுக்கு ஆபீஸில் உட்கார்ந்தே வேலை, முதுகுவலி. மாமியார் அவளுக்கும் தினம் காலையில் ஒரு கப் கொடுப்பதாகப் போனில் சொல்லியிருந்தாள். அது மட்டுமா? மூன்று நாள் முன்பு, "வாந்தியா வருதும்மா, ஒண்ணும் புடிக்கல" என்றாள். இவள் அதைக் கேட்டு உள்ளுக்குள் குளிர்ந்துபோய், அவசரப்பட்டுக் கேட்டுவிடக்கூடாது, அவளாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தாள். கடையில் மிச்சம் விழுந்த மெல்லிய துணியைக்கூடத் தொட்டிலுக்கென்று ஒதுக்கி வைத்திருந்தாள்.

போனைப் போட்டாள். மகள் எடுக்கவில்லை. மாப்பிள்ளை எடுக்கவில்லை. சம்பந்தியம்மா எப்போதுமே போனை எங்கேயாவது வைத்துவிட்டுத் தேடுகிறவர். மறுபடி போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

பூட்டுக்காரரிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்து, "அடுப்பு மேல இருக்கிற தட்டுல பச்சை மூடி டப்பா, அண்ணே. அப்படியே கொண்டுவந்து டாக்டர் கையில குடுத்துடுங்க" என்றாள். உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"எங்க போற?" என்றார் பெயின்டர்.

"மாத்துத் துணி எடுத்துட்டு வரேன்."

"பொய் சொல்லாத. சம்பந்தி வீட்ல போய்ச் சண்டை கிண்டை போட்டேன்னா..."

"நீங்க வாய மூடிட்டுப் படுங்க" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் அப்படிப் பேசியதில்லை. அவரும் படுத்துவிட்டார்.

டாக்ஸியில் ஏறினதிலிருந்து கால் தரையில் பாவவில்லை. ஒவ்வொரு சிக்னலும் அவளுக்கென்றே சிவப்பைப் போட்டுக்கொண்டு நின்றது. டிரைவர் வானிலையைப் பற்றி ஆரம்பித்தவர், கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ரேடியோவையும் அணைத்தார். போன் போட்டாள், போட்டாள், போட்டுக்கொண்டே இருந்தாள்.

சம்பந்தியம்மா வாசல் தோட்டத்தில்தான் இருந்தார். விளையாட்டு ஷூ, தொப்பி, கையில் தண்ணீர்க் குழாய். டாக்ஸிக்குக் காசு கொடுத்துவிட்டு மூச்சிரைக்க வந்தவளைப் பார்த்ததும், "அட, என்ன சம்பந்தி, சொல்லாம கொள்ளாம? உட்காருங்க, என்ன குடிக்கிறீங்க?" என்றார்.

"எம்பொண்ணு எங்க?"

"குளிக்கிறா. ஏன்? என்னாச்சு?"

அங்கேயே, செடிகளுக்கு நடுவில் நின்று எல்லாவற்றையும் கொட்டினாள். வழியெல்லாம் பக்குவமாகச் சொல்ல ஒத்திகை பார்த்ததில் ஒரு சொல்லும் வாயில் வரவில்லை. "உங்க இலையைக் குடிச்சுட்டு அவரு ஆஸ்பத்திரியில கிடக்கிறாரு" என்பதுதான் வந்தது.

சம்பந்தியம்மாவின் முகம் இறுகியது. குழாயிலிருந்து தண்ணீர் அவர் ஷூவிலேயே கொட்டிக்கொண்டிருந்தது.

"என் இலையா? நான் ரெண்டு வருஷமாக் குடிக்கிறேன். எனக்கு ஒண்ணும் ஆகலயே? உங்க வீட்டுக்காரர் வெயில்ல நின்னு பெயின்ட் வாசனைய மோந்துக்கிட்டே இருந்தா மயக்கம் வராதா? அதுக்கு என் இலைய ஏன் இழுக்கிறீங்க?"

"நீங்க எதக் குடிச்சீங்க? புதுசா? பழசா?"

"பழசு. டப்பாவுல மிச்சம் இருக்கிறத நான் தீத்துடலாம், புதுசா நல்லதா இருக்கிறத மத்தவங்களுக்குக் குடுப்போம்னு..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நின்றார்.

அந்த நேரத்தில் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு மகள் வெளியே வந்தாள். "என்னம்மா இத்தனை மிஸ்டு கால்?" பெயின்டரம்மா பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள், முகத்தைப் பிடித்துத் திருப்பினாள், "இந்தச் சுவரு என்ன கலர்டி? சொல்லு! என்ன கலர்?" என்றாள்.

"க்ரீம் கலர். ஏம்மா, உனக்கு என்ன ஆச்சு?"

"நீ தினம் குடிக்கிற கஷாயம்..."

மகள் மாமியாரைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். துண்டின் நுனியைத் திருகினாள்.

"நான் குடிக்கிறதில்லம்மா."

"என்னது?" என்றது சம்பந்தியம்மாவின் விசில் குரல்.

"சாரி அத்தை. கசப்பு தாங்கல. நீங்க அந்தப் பக்கம் திரும்பினதும் வாஷ்பேசின்ல ஊத்திடுவேன்."

"ஒரு நாளும் குடிக்கலயா?"

"முத நாள் குடிச்சேன்."

"பிடிக்கலன்னா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா சர்க்கரை போட்டுக் குடுத்திருப்பீங்க அத்தை."

பெயின்டரம்மா பூந்தொட்டி ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரும் என்று பார்த்தால் சிரிப்பு வந்தது. "அப்ப, வாந்தின்னு சொன்னியே?"

"அது ஆபீஸ் கேன்டீன் சாண்ட்விச். பாதிப் பேருக்கு வாந்தி. நீ என்ன நெனச்ச?"

"ஒண்ணும் நெனக்கல" என்றாள் பெயின்டரம்மா.

சம்பந்தியம்மா மட்டும் சிரிக்கவில்லை. பெயின்டர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்று கேட்டபோது எதிர்த்து நின்றவர், மருமகள் வாஷ்பேசினில் ஊற்றினாள் என்றதும் அடிபட்டவர்போல நின்றார். குழாயை மூடவேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. மகள்தான் போய் மூடினாள்.

போன் அடித்தது. டாக்டர்.

"நீங்க அனுப்பினவர் இலையக் கொண்டுவந்துட்டார்மா. இது காம்ஃப்ரி இல்ல. விளிம்புல சின்னச் சின்னப் பல்லு இருக்கு, அடியில நரம்பு வேற மாதிரி. தாவரம் படிச்ச ஒருத்தருக்கும் படம் அனுப்பிக் கேட்டுட்டேன். இது ஃபாக்ஸ்குளோவ்னு ஒரு பூச்செடி. அழகுக்கு வளர்ப்பாங்க. முத வருஷம் பூக்காது, வெறும் இலையா நிக்கும், அப்ப ரெண்டும் ஒரே மாதிரித் தெரியும். இதுல இருக்கிற சத்துல இருந்துதான் இதயத்துக்கு ஒரு மருந்தே எடுக்கிறாங்க. அளவு கொஞ்சம் தப்பினா இதயத்தயே நிறுத்திடும். ரத்தத்துலயும் அது இருக்கு. விஷத்துக்கு மாத்து மருந்து ஆரம்பிச்சாச்சு, சாருக்குப் பயமில்ல. ஆனா வேற யாருக்கெல்லாம் இது போச்சு? அது ரொம்ப முக்கியம்."

ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் மூன்று பேருக்கும் கேட்டது. சம்பந்தியம்மா மெதுவாகத் திரும்பி, தோட்டத்தின் ஓரத்துப் பாத்தியைப் பார்த்தார். அங்கே சொரசொர இலைகளோடு பழைய செடிகள். அதை ஒட்டி, பச்சைப் பசேலென்று, அடர்த்தியாக, புதுசு. "அது தானா முளைச்சதுன்னு நெனச்சேன்" என்றார். "பக்கத்து வீட்ல பூச்செடி வெச்சிருந்தாங்க. காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க. அந்த விதை பறந்து வந்திருக்கும்... நான் என் செடிதான் பரவுதுன்னு சந்தோஷமாத் தண்ணி ஊத்தினேன்."

"யாருக்குக் குடுத்தீங்க அத்தை?" என்றாள் மகள்.

"எதிர்வீட்டு டிரைவிங் ஸ்கூல்காரர். அப்புறம்... மூலைக் கட்டடத்துல கடிகாரம் ரிப்பேர் பண்றவர்."

எதிர்வீட்டில் கதவைத் திறந்த டிரைவிங் ஸ்கூல்காரர், "டீச்சர், தப்பா நெனக்காதீங்க. நான் இன்னும் பொட்டலத்தப் பிரிக்கவே இல்ல" என்று ஜன்னலோரத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார். கட்டிய நூல்கூட அவிழவில்லை. அன்று காலையில் யாருமே தன் மருந்தை மதிக்கவில்லை என்பது சம்பந்தியம்மாவுக்கு முதன்முறையாக ஆறுதலாக இருந்தது.

கடிகாரக்காரர் மூன்றாம் மாடி. தனிக்கட்டை. மணி அடித்தார்கள், திறக்கவில்லை. கதவைத் தட்டினார்கள். காது மந்தம் அவருக்கு என்றார் சம்பந்தியம்மா. பிறகு இடுப்பில் கை வைத்து, மைதானத்தின் அந்தக் கோடியில் நிற்கிறவனைக் கூப்பிடுகிற குரலில், "அண்ணா! கதவத் திறங்க!" என்று ஒரு சத்தம் போட்டார். மாடிப்படியெல்லாம் அதிர்ந்தது. உள்ளே நாற்காலி நகரும் ஓசை. வெகுநேரம் கழித்துத் தாழ்ப்பாள் விலகியது.

லுங்கியும் பனியனுமாக நின்றவர் கதவைப் பிடித்தபடியே நின்றார். விட்டால் விழுந்துவிடுவார்போல. மேஜையில் பிரித்துப் போட்ட கடிகாரங்கள். பக்கத்தில் ஒரு கப், அடியில் பச்சை வண்டல்.

"நாலு நாளா ஒண்ணும் இறங்கல டீச்சர்" என்றார். "வயசாச்சில்ல. உங்க கஷாயம் மட்டும்தான் குடிக்கிறேன். தெம்புக்கு."

சம்பந்தியம்மா அவர் மணிக்கட்டில் மூன்று விரல் வைத்தார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஓடி முடித்ததும் நாடி பார்த்துப் பார்த்துப் பழகின கை. மற்றக் கையைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தார். பெயின்டரம்மா அவர் உதடு எண்ணுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எண்ணிக்கை போகவே மாட்டேன் என்றது. முதலிலிருந்து மறுபடி எண்ணினார்.

"நெடுந்தூரம் ஓடுறவனுக்குத்தான் இப்படி மெதுவா இருக்கும்" என்றார், யாரிடமும் இல்லாமல். "வண்டிய வரச் சொல்லுங்க. சீக்கிரம்."

டிரைவிங் ஸ்கூல்காரர் காரை எடுத்தார். பயிற்சிக் காரில் முன் ஸீட்டில் மகள், பின் ஸீட்டில் கடிகாரக்காரரை நடுவில் வைத்து இரண்டு சம்பந்திகளும். வழியெல்லாம் சம்பந்தியம்மா அந்த மணிக்கட்டை விடவே இல்லை. "தூங்காதீங்க அண்ணா. எங்கிட்டப் பேசுங்க. எதுவேணா பேசுங்க." அவர் ஏதோ ஒரு சுவர்க் கடிகாரத்தின் ஸ்பிரிங்கைப் பற்றிப் பேசினார். அதற்கு அந்த அம்மா, "ம், அப்புறம்? அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டு வந்தார். ஒரு இடத்தில் அவர் பேச்சு நின்றது. "அப்புறம்!" என்று அந்த அம்மா போட்ட அதட்டலில் டிரைவிங் ஸ்கூல்காரரே பயந்து ஆக்ஸிலரேட்டரை மிதித்தார்.

பெயின்டருக்கு அடுத்த கட்டிலே காலியாக இருந்தது. அங்கேயே படுக்க வைத்தார்கள். மாற்று மருந்து அந்த ஆஸ்பத்திரியில் இருந்தது பெயின்டருக்கே சரியாகப் போயிருந்தது. இன்னொரு ஆஸ்பத்திரியிலிருந்து வரவழைக்க வேண்டியிருந்தது. அது வந்து சேரும்வரை கடிகாரக்காரரின் தலைமாட்டில் டாக்டர் நகராமல் நின்றாள். இரண்டு முறை அந்த மெஷின் போட்ட சத்தத்தில் நர்ஸுகள் ஓடி வந்தார்கள். இரண்டு முறையும் பெயின்டரம்மாவின் கையை யாரோ இறுக்கிப் பிடித்தார்கள். திரும்பிப் பார்த்தால் சம்பந்தியம்மா.

மருந்து வந்தது. ஏறியது. சாயங்காலம் ஆகும்போது அந்தச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக ஒழுங்குக்கு வந்தது.

டாக்டர் வெளியே வந்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். சம்பந்தியம்மா எழுந்து, தண்டனைக்கு நிற்கிற மாணவிபோல அவள் முன்னால் நின்றார்.

"நான்தாம்மா குடுத்தேன். செடி மாறிப்போச்சு. இனிமே பாத்துப் பறிக்கிறேன். என் பழைய செடிய மட்டும்..."

"அம்மா, அந்தப் பழைய செடியயும் குடிக்கக்கூடாது."

"அது காம்ஃப்ரிதானே? சரியான இலைதானே?"

"சரியான இலைதான். ஆனா அதுலயும் ஈரலக் கெடுக்கிற ஒரு பொருள் இருக்கு. இது மாதிரி ஒரே நாள்ல தூக்கிப் போடாது. கொஞ்சம் கொஞ்சமா, சத்தமே இல்லாம ஈரலோட ரத்தக்குழாய அடைக்கும். வெளிப்பூச்சாத் தடவுறதுக்கே யோசிப்பாங்க. நீங்க எவ்ளோ நாளாக் குடிக்கிறீங்க?"

சம்பந்தியம்மா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். இரண்டு வருஷம் என்று காலையில்தான் ஊருக்கே கேட்கிறமாதிரிச் சொல்லியிருந்தார்.

"பச்சை இலைதானேன்னு..." என்றார் கடைசியில். "ஃபேக்டரியில செஞ்சது இல்லையே, மண்ணுல முளைச்சதுதானேன்னு."

"செடி நமக்காக முளைக்கலம்மா. தன்னப் பூச்சி தின்னுடக்கூடாதுன்னு அது வெச்சிருக்கிற காவல் அது" என்றாள் டாக்டர். கோபமாகச் சொல்லவில்லை. "உங்க ரத்தத்தயும் பாத்துடலாம். கைய நீட்டுங்க."

பெயின்டர் அந்த வாரமே வீட்டுக்கு வந்தார். மஞ்சள் ஒரேயடியாகப் போகவில்லை. காலையில் கொஞ்சம் வெளுத்து, வெயில் ஏறினதும் திரும்ப வந்து, அப்படி இழுபறியாகப் போயிற்று. அதுவரை டப்பாவைத் தொடமாட்டேன் என்றுவிட்டார். பல் டாக்டர் சுவரைத் திரும்ப அடிக்க வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார். அதைக் கேட்டுப் பெயின்டர் அன்று முழுக்கப் பிரஷ்களைத் திரும்பத் திரும்பக் கழுவினார். முட்டிவலி அப்படியேதான் இருந்தது. எலும்பு டாக்டர் சொன்ன பயிற்சியைச் செய்துகொண்டு, உயரமான சுவர்களை மட்டும் வேறு ஆளை வைத்து அடித்தார். கடிகாரக்காரர் அதிக நாள் படுத்தார். பிழைத்தார். ஆனால் மூன்றாம் மாடி ஏறும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று நின்றுதான் இப்போதும் ஏறுகிறார்.

தோட்டத்துப் பாத்தியைச் சம்பந்தியம்மா கையுறை போட்டுக்கொண்டு தானே பிடுங்கினார். மகனையோ மருமகளையோ கிட்டே விடவில்லை. இரண்டு செடியையும் சேர்த்தே பிடுங்கினார்.

அவர் ரத்தத்தில் ஈரல் சரியில்லை என்று வந்திருந்தது. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, சில மாதம் கழித்துத் திரும்பப் பார்க்கவேண்டும். அந்தத் திரும்பப் பார்க்கிற நாளன்று மகனைக் கூப்பிடாமல், மருமகளைக் கூப்பிடாமல், பெயின்டரம்மாவுக்குப் போன் செய்தார். "வர்றீங்களா?"

ஆஸ்பத்திரி பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். சம்பந்தியம்மாவின் ஷூ தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது.

"எனக்குப் பயமா இருக்கு சம்பந்தி" என்றார். அந்தக் குரலில் விசில் இல்லை.

பெயின்டரம்மா அவர் பக்கம் திரும்பினாள். ஒன்றும் ஆகாது என்ற சொல் வாய் வரை வந்தது. அவளுக்கு என்ன தெரியும், ஆகுமா ஆகாதா என்று? அந்த ஷூவின் மேல் தன் செருப்புக் காலை வைத்து அழுத்தினாள். தட்டுவது நின்றது.

உள்ளே கூப்பிட்டார்கள். எண்கள் இறங்கியிருக்கின்றன, முழுசாக இல்லை, ஆனால் இறங்கியிருக்கின்றன என்றாள் அதே டாக்டர். இன்னும் சில மாதம் கழித்து இன்னொரு முறை பார்க்க வேண்டும்.

வெளியே பஸ் நிறுத்தத்தில் நின்றபோது சம்பந்தியம்மா ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "எம்மேல உங்களுக்கு இன்னும் கோவம் இருக்கா?"

"இருக்கு" என்றாள் பெயின்டரம்மா.

அந்த அம்மா தலையை ஆட்டினார். "நல்லது. இல்லன்னு சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன்."

பஸ் வந்தது. நல்ல கூட்டம். சம்பந்தியம்மா முன்னால் ஏறி, பெரிய பையன்கள் இரண்டு பேரை முழங்கையால் ஒதுக்கிவிட்டு, "இங்க வாங்க, இடம் இருக்கு!" என்று பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கூப்பிட்டார்.